பக்கத்து மேசையைப் பார்த்துச் சாப்பிடுங்கள்

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்தில் அந்த உணவகத்துக்குள் காலெடுத்து வைத்ததுமே மூக்கில் சுருக்கென்று ஏறியது. அமோனியா. வாசலிலேயே தம்பி நின்றுவிட்டான். "அக்கா, மீன் கெட்டுப்போயிருக்கு. வா, வேற கடை பாக்கலாம்" என்றான். கெட்ட மீன் இல்லை அது. ஹோங்கோ என்று அந்தப் பக்கம் கொண்டாடுகிற பண்டம், புளிக்கவைத்த திருக்கை. தெற்கு ஜொல்லா மாகாணத்தில் ஹோங்கோ வைக்காத விருந்தை விருந்தாகவே கணக்கில் எடுக்கமாட்டார்கள் என்று எங்களை அழைத்துப் போன கொரிய நண்பர் சொல்லியிருந்தார்.

திருக்கையும் சுறாவும் கடலின் உப்பைத் தாங்குவதற்காக உடம்பில் யூரியாவைச் சேர்த்து வைத்திருக்கும். செத்த பிறகு பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அமோனியாவாக மாற்றுகின்றன. அமோனியா ஏற ஏற, மீனை அழுகவைக்கும் மற்றக் கிருமிகளால் அங்கே பிழைக்க முடியாது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் ஹுக்சான் தீவிலிருந்து நாஜு பக்கத்து யொங்சான்போ ஆற்றுத்துறைக்குப் படகில் வந்த மீன்களில் திருக்கை மட்டும் உப்பில்லாமலே கெடாமல் வந்து சேர்ந்தது இதனால்தான். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. நாற்றத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் கழன்றுவிடும். தம்பியையும் அதைச் சொல்லித்தான் உட்காரவைத்தேன்.

மேசைக்கு மூன்று தட்டுகள் வந்தன. இளஞ்சிவப்பில் திருக்கைத் துண்டுகள், கொழுப்போடு வேகவைத்த பன்றி இறைச்சி, நன்றாகப் புளித்த பழைய கிம்ச்சி, அதாவது கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய். பக்கத்து மேசையில் வயதான தம்பதி. அந்த அம்மா ஒரு துண்டு கிம்ச்சியை விரித்து, அதன்மேல் இறைச்சி, அதன்மேல் திருக்கை என்று அடுக்கி, மொத்தமாக ஒரே வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார். மூக்கால் நீளமாக மூச்சை விட்டார். நானும் அப்படியே செய்தேன். முதலில் தெரிந்தது இறைச்சியின் கொழுப்பு. பிறகு கிம்ச்சியின் புளிப்பு. மூன்றாவதாகத்தான் திருக்கையின் குருத்தெலும்பு நறுக்நறுக்கென்று பல்லில் மாட்டியது. அமோனியா கடைசியில் எழும்பி, மூக்கு வழியாக ஒரே வீச்சில் வெளியே போனது. வாய் முழுக்க ஒரு குளிர்ச்சி. அடுத்த துண்டுக்குக் கை தானாகவே போயிற்று.

அந்த மூன்றில் ஒன்று தம்பிக்கு ஆகாது. அதைப் பின்னால் சொல்கிறேன். அவன் திருக்கையை மட்டும் தனியாக ஒரு துண்டு வாயில் போட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே மீன், அதே தட்டு. பன்றிக் கொழுப்பு அமோனியாவின் முனையை மழுக்கும், கிம்ச்சியின் அமிலம் அந்தக் காரத்தன்மையைச் சரிக்கட்டும். கூட வைக்கும் இரண்டும் அலங்காரத்துக்கு வந்தவை இல்லை, பண்டமே மூன்றும் சேர்ந்ததுதான்.

இதைத்தான் ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். பழக்கமில்லாத கடலுணவு ஒருவருக்குப் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மீன் காரணமாக இருப்பதில்லை. மீனை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, தவறான வேளையில், தவறான விதத்தில் வாயில் போடுவதுதான் காரணம். உள்ளூர்க்காரர் எதோடு சாப்பிடுகிறாரோ அதோடு, எப்போது சாப்பிடுகிறாரோ அப்போது, எந்தக் கையால் எப்படிப் பிடிக்கிறாரோ அப்படியே சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

ஸ்வீடனின் சூர்ஸ்ட்ரெமிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பால்டிக் கடல் ஹெர்ரிங் மீனைக் குறைந்த உப்பில் புளிக்கவைத்து டின்னில் அடைப்பார்கள். டின்னுக்குள்ளேயும் புளிப்பு நடந்துகொண்டே இருக்கும், அதனால் டின் உப்பிப்போய் இருக்கும். அறைக்குள் டின்னைத் திறந்து, முழு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி வாயில் விட்டு, குமட்டிக்கொண்டு ஓடும் காணொளிகளை எல்லோரும் பார்த்திருப்போம். எனக்கு அவற்றைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அந்த நாட்டில் யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

ஆகஸ்ட் மாதத்து மூன்றாவது வியாழக்கிழமைதான் புதிய சூர்ஸ்ட்ரெமிங்குக்கான மரபான நாள். அதையொட்டி வடக்கு ஸ்வீடனில் ஒரு குடும்பத்தாரோடு சாப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. மேசையை வீட்டுக்கு வெளியே புல்வெளியில் போட்டார்கள். டின்னை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்துத் திறந்தார்கள், உள்ளே அடைபட்ட வாயு பீய்ச்சியடிக்காமல் இருக்க. மெல்லிய தட்டை ரொட்டியில் வெண்ணெய் தடவி, அவித்த உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிப் பரப்பி, பொடியாக வெட்டிய வெங்காயம், புளித்த கிரீம், அதற்கு மேல் முள் நீக்கிய மீனிலிருந்து விரல்நுனி அளவுக்குத் துணுக்குகள். மீனின் அளவு உருளைக்கிழங்கில் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. நல்ல உப்பு, லேசான புளிப்பு, கொஞ்ச நேரம் நாக்கில் தங்கும் ஆழம். டின் திறந்தபோது வந்த வாடையைக் கொண்டு இந்த ருசியை யாராலும் ஊகிக்க முடியாது.

கூட வைப்பது ஒரு பாடம் என்றால், கை வைக்கும் விதம் இன்னொன்று. ஸ்பெயினின் கலீசியா கடற்கரையில் பெர்செபெஸ் என்று ஒன்று கிடைக்கும். அலை மோதும் பாறைகளில் ஒட்டி வளரும் உயிரி. விரல் தடிமனில் கறுத்த தோல் குழாய், நுனியில் கெட்டியான நகம். அலை பின்வாங்கும் இடைவெளியில் பாறையில் இறங்கிச் சுரண்டி எடுக்கிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை, அதனால் விலையும் அதிகம். உப்புத் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து, சூடு போகாமல் துணியால் மூடி மேசைக்குக் கொண்டுவருவார்கள். கத்தி, முள்கரண்டி எதுவும் வராது.

பரிமாறியவர் நாங்கள் கேட்காமலே ஒன்றை எடுத்துச் செய்து காட்டினார். நகத்தை ஒரு கையில் பிடித்து, நகத்துக்குச் சற்றுக் கீழே தோலை மறுகையின் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் திருகினால் உறை மாதிரி கழன்று வரும். உள்ளே இளஞ்செம்மஞ்சளில் ஒரு தண்டு, அதைக் கடித்துக்கொண்டு நகத்தைத் தட்டில் போட்டுவிட வேண்டும். திருகும்போது முனை தட்டைப் பார்த்துக் குனிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளிருக்கும் சூடான உப்புத் தண்ணீர் எதிரில் இருப்பவர் சட்டையில் பாயும். சூடு ஆறினால் தோல் இறுகிப்போய்க் கழல மறுக்கும், ஆகவே பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ருசி சுத்தமான கடல். சாஸ், எலுமிச்சை எதுவும் கேட்காதீர்கள், அவர்களும் வைக்கமாட்டார்கள்.

பெல்ஜியத்தில் பானையோடு வரும் கறுப்பு மட்டிகளுக்கும் ஒரு கைவேலை உண்டு. முதல் மட்டியைத் தின்றதும் அதன் காலி ஓட்டை இடுக்கியாகப் பிடித்துக்கொண்டு மீதியையெல்லாம் அதனாலேயே கவ்வி எடுப்பார்கள். இஸ்தான்புல்லில் தெருவோரம் விற்கும் மித்யே தோல்மா, அதாவது உள்ளே மசாலாச் சோறு அடைத்த மட்டி, இன்னும் எளிது. விற்பவரே ஓட்டைத் திறந்து, மேல் ஓட்டைக் கரண்டியாக உள்ளே செருகி, எலுமிச்சை பிழிந்து கையில் கொடுப்பார். தின்னத் தின்ன அடுத்ததை நீட்டிக்கொண்டே இருப்பார், போதும் என்று நீங்கள் சொல்லும் வரைக்கும். கடைசியில் காலி ஓடுகளை எண்ணித்தான் காசு. சோறும் மட்டியும் வெயிலில் கிடக்கக்கூடாத பொருள்கள் என்பதால், கூட்டம் மொய்த்து, தட்டு உடனுக்குடன் காலியாகும் ஆளிடம் மட்டும் வாங்குவேன். கோடை மத்தியானத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவரைக் கடந்து போய்விடுவேன்.

வழவழப்பு, கொழகொழப்பு, ரப்பர் போன்ற இழுவை: பலர் ஒதுக்குவது வாடையை விட இவற்றைத்தான். இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். முதல் தடவை சாப்பிட்டது மட்டமான சரக்காக இருக்கலாம். ஜப்பானில் ஊனி என்கிற, கடல் முள்ளெலியின் இனப்பெருக்கச் சுரப்பி அப்படித்தான். மரத்தட்டில் அடுக்கி விற்கும் ஊனி உருக்குலையாமல் இருக்கப் பெரும்பாலும் படிகாரம் சேர்ப்பார்கள். படிகாரம் மிஞ்சினால் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசப்பையே ஊனியின் ருசி என்று நினைத்து வெறுத்தவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. கோடையில் ஹொக்கைடோ பக்கம் போனால், படிகாரம் இல்லாமல் உப்புநீரில் மிதக்கவிட்டு விற்பார்கள். கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்தால் கரைந்து, பால்தன்மையும் இனிப்பும் கடைசியில் கடலும் தெரியும். முதல் ஊனியை தட்டுகள் சுழன்று வரும் மலிவான சுஷிக் கடையில் சாப்பிட்டுவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

வேளையும் அப்படித்தான். பெருவின் லிமாவில் செவிச்சே விற்கும் கடைகள் பெரும்பாலும் மத்தியானத்தோடு மூடிவிடும். காலையில் வந்த மீனை மத்தியானத்துக்குள் தின்று முடிப்பது அங்கே வழக்கம். பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாயோடு சில நிமிடங்கள் மட்டும் ஊறவிட்டு, பக்கத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பெரிய மணிச் சோளமும் வைத்துத் தருவார்கள். புளிப்பு ஏறும்போது கிழங்கில் ஒரு வாய் எடுத்தால் நாக்கு மறுபடி தயாராகிவிடும். தயாரிப்பும் சாப்பிடும் முறையும் சேர்ந்த இந்த மரபு 2023இல் யுனெஸ்கோவின் பண்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. ராத்திரி பத்து மணிக்குச் சுற்றுலாத் தெருவில் செவிச்சே கிடைக்கிறதென்றால் நான் சாப்பிடமாட்டேன்.

எலுமிச்சையில் ஊறியதால் மீன் வெந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. வெள்ளையாக மாறுவது உண்மைதான், அமிலம் புரதத்தின் அமைப்பை மாற்றுகிறது. ஆனால் ஒட்டுண்ணிப் புழுக்களையும் எல்லாக் கிருமிகளையும் அது கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. வினிகரும் அப்படியே. பச்சை மீனில் இருக்கக்கூடிய அனிசாகிஸ் புழுவை நம்பிக்கையாகக் கொல்வது நல்ல சூடு அல்லது நல்ல உறைகுளிர். ஐரோப்பிய விதி மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் என்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் அதே குளிரில் 7 நாள் என்கிறது.

இங்கேதான் உள்ளூர் வழக்கத்தின் இன்னொரு முகம் தெரியும். பல ஊர்களில் பாதுகாப்பு வழக்கத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நெதர்லாந்தில் ஜூன் வாக்கில் வரும் புது ஹெர்ரிங்கைத் தெருவண்டியில் வெங்காயத்தோடு பச்சையாகவே தருவார்கள். வாலைப் பிடித்து அண்ணாந்து கடிக்கிறவர்களைப் பார்த்துத் தம்பி பயந்தான். பயப்பட ஒன்றுமில்லை. அனிசாகிஸ் நோயை முதலில் அடையாளம் கண்டதே அந்த நாட்டில், 1960 வாக்கில், இந்த மீனிலிருந்துதான். அதற்குப் பிறகு உறையவைக்காத ஹெர்ரிங்கை விற்கக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஸ்பெயினும் உணவகங்களில் பச்சையாகவோ வினிகரில் ஊறியோ பரிமாறும் மீனை உறையவைத்தே தீர வேண்டும் என்று 2006இல் விதி போட்டது. ஜப்பானின் தொயாமா வளைகுடாவில் வசந்த காலத்தில் மின்னும் சிறு கணவாயைச் சாப்பிடலாம். அதிலும் குடலை நீக்காமல், உறையவைக்காமல், பச்சையாகத் தின்பது ஆபத்து. அங்கே நல்ல கடையில் அவித்து மிசோச் சாஸோடு தருவதை நான் விரும்பிச் சாப்பிட்டேன்.

பேத்தை மீனைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஜப்பானில் ஃபுகு. ஈரலிலும் சினைப்பையிலும் இருக்கும் டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது, சமைத்தாலும் போகாது. கபுகி என்கிற ஜப்பானிய மரபு நாடகத்தின் நடிகர் எட்டாம் பந்தோ மிட்சுகோரோ 1975இல் கியோட்டோவில் ஈரலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். இன்று அங்கே ஈரல் பரிமாறத் தடை, வெட்டுகிறவருக்கு உரிமம் கட்டாயம். உரிமம் உள்ள கடையில் தட்டின் பூவேலை தெரியும் அளவுக்கு மெல்லியதாகச் சீவி வட்டமாக அடுக்கித் தருவார்கள். ருசி மிக மென்மை, மெல்லும்போது நல்ல இறுக்கம். நாக்கு லேசாக மரத்துப்போனால்தான் அசல் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், மரத்துப்போவது விஷத்தின் அறிகுறி. ஜப்பானுக்கு வெளியே மீனவர் வீட்டில் அன்பாகச் சமைத்துத் தந்தாலும் பேத்தையைத் தொடமாட்டேன்.

வழக்கத்தை நம்பினாலும் தீராத ஆபத்து ஒன்று உண்டு: பவளப்பாறை மீன்களில் வரும் சிகுவாடெரா. பாறைகளில் வாழும் நுண்பாசியின் நஞ்சு சின்ன மீன்களில் தொடங்கி, அவற்றைத் தின்னும் பெரிய மீன்களில் போய்ச் சேர்கிறது. வாடை இருக்காது, ருசி மாறாது, வறுத்தாலும் உறையவைத்தாலும் போகாது. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுடுவதுபோல் தோன்றுவது அதன் விசித்திரமான அறிகுறி. பசிபிக் தீவுகளிலும் கரீபியனிலும் பெரிய சீலா, பெரிய களவா, அஞ்சாளை ஆகியவற்றை நான் கேட்பதே இல்லை. அதே கடையில் ஆழ்கடல் மீன் கேட்டால் தருவார்கள்.

சூரை, கானாங்கெளுத்தி போன்றவை குளிர் விட்டுப்போய்க் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். அதுவும் சமைத்தால் போகாது. சுட்ட சூரையில் மிளகு போடாமலே மிளகுக் காரம் நாக்கில் சுறுசுறுத்தால் அந்த வாயோடு நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து தலை வலிப்பதை ஒவ்வாமை என்று எண்ணி, ஆயுசுக்கும் மீனை விட்டவர்களும் இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்லும்போது எந்த மீன், எவ்வளவு நேரத்தில் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

பச்சைச் சிப்பிக்கு நான் பிரான்சின் பிரெத்தாஞ் கரையோரக் கங்கால் ஊரைத்தான் சொல்வேன். வளர்ப்புத் திட்டுகள் கண்ணெதிரே தெரியும். கடையில் வாங்கி, கரைச்சுவரில் உட்கார்ந்து தின்றுவிட்டு ஓட்டைக் கடற்கரையிலேயே வீசுவது அங்கே வழக்கம். பிரான்சில் சிப்பிக்கு எண் போட்டிருப்பார்கள், எண் சிறிதானால் சிப்பி பெரிது. புதிதாகத் தொடங்குபவர் 4 அல்லது 5 கேட்கலாம், ஒரே வாயில் அடங்கும். உயிருள்ள சிப்பியின் ஓரத்தை எலுமிச்சை தொட்டால் சுருங்க வேண்டும். ஓட்டில் தண்ணீர் வற்றிக் கிடந்தால் வேண்டாம். ஈரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் பச்சைச் சிப்பியை எந்த ஊரிலும் தொடக்கூடாது. வெதுவெதுப்பான கடல்களின் விப்ரியோ கிருமி இவர்களுக்கு உயிராபத்து, காரச் சாஸோ மதுவோ அதைக் கொல்லாது. அவித்த சிப்பி கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இனிக் காசு. தொட்டியில் நீந்துவதைக் காட்டி வாங்கும் கடைகளில் விலைப்பலகை எந்த எடைக்கு என்பதை முதலில் பாருங்கள். ஹாங்காங்கில் ஒரு கேட்டி சுமார் 605 கிராம், தைவானில் 600, சீனப் பெருநிலத்தில் 500. மூன்றுக்கும் எழுத்து ஒன்றேதான். வியட்நாமில் 100 கிராமுக்கு ஒரு விலை போட்டிருப்பார்கள், கிலோவுக்கு என்று நினைத்துப் பெரிய இறாலை அள்ளிக்கொண்டால் பில் பத்து மடங்காகும். ஒரு கடலோர உணவகத்தில் எங்கள் நண்டைத் தண்ணீர் சொட்டும் தடித்த கயிற்றோடு சேர்த்து எடை போட்டார்கள். கயிற்றை அவிழ்த்துத் திரும்ப நிறுக்கச் சொன்னேன். முகம் சுளித்தாலும் செய்தார்கள். வித்தியாசம் கணிசமாகவே இருந்தது. அன்று முதல் நிறுப்பதற்கு முன்பே கயிறு, கூடை, பைத் தண்ணீர் இல்லாமல் என்று சைகையால் சொல்லிவிடுவேன்.

தென்கொரியத் தலைநகர் சியோலின் நொர்யாங்ஜின் மீன் சந்தையில் கீழே மீன் வாங்கி, மேலே உள்ள உணவகத்தில் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம். மேலே தலைக்கு இவ்வளவு என்று மேசைக் கட்டணம் தனி, சமையல் கூலி தனி. ஆகவே மொத்தத் தொகையைக் கைபேசியில் எண்ணாகத் தட்டிக் காட்டச் சொல்வது என் வழக்கம். தேர்ந்தெடுத்த மீனை விற்பவர் கண்ணெதிரிலேயே படம் எடுத்துக்கொள்வேன். போர்ச்சுகலில் உட்கார்ந்ததும் வரும் ரொட்டிக்கும் ஆலிவுக்கும் தொட்டால் காசு, வேண்டாமென்றால் உடனே திருப்பிக் கொடுத்துவிடலாம், தவறாக நினைக்கமாட்டார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இறால் ஆகாது. உள்ளூர் வழக்கப்படி எல்லாம் சேர்த்துச் சாப்பிடுங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து அந்தச் சேர்மானத்திலேயே இருக்கிறது. மொக்போவில் திருக்கையில் இறால் இல்லை, பன்றி இறைச்சியில் இல்லை. கிம்ச்சியில் இருந்தது. கொரியக் கிம்ச்சி பலவற்றில் உப்பிட்டுப் புளிக்கவைத்த பொடி இறால் போடுவார்கள், பார்த்தால் தெரியாது. வேகவைத்த இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் கிண்ணத்திலும் அதே இறால் வரும். மலேசியாவின் சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, தாய்லாந்தின் பப்பாளிச் சாலட்டில் உலர் இறால், எங்கேயும் பொதுவாக வறுக்கும் எண்ணெய். ஒவ்வாமையைத் தூண்டும் இறால் புரதம் சூட்டில் அழியாது, அதனால் நன்றாக வெந்துவிட்டது என்ற சமாதானம் உதவாது.

அவன் ஒரு அட்டை வைத்திருக்கிறான். போகிற நாட்டு மொழியில், அந்த மொழி தாய்மொழியான ஒருவரைக் கொண்டு எழுதி வாங்கியது. இறால், நண்டு, சிங்கி இறால் ஒவ்வொன்றும் பெயரோடும் படத்தோடும் இருக்கும். பொடி, விழுது, சாறு, அதே எண்ணெய் எல்லாம் சேர்த்தி என்று கீழே இருக்கும். பரிமாறுபவரிடம் காட்டினால் போதாது, சமையல்கட்டுக்குள் கொண்டுபோய்க் காட்டச் சொல்வான். ஜப்பானில் பொட்டலமிட்ட உணவில் இறாலும் நண்டும் இருந்தால் குறித்தே ஆக வேண்டும் என்று சட்டம் உண்டு. உணவகத் தட்டுக்கு அது பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு உடனே போட்டுக்கொள்ளும் எபிநெஃப்ரின் ஊசி எப்போதும் பையில், விடுதி அறையில் இல்லை. இவ்வளவு ஏற்பாட்டோடு அவன் என்னைவிடத் தைரியமாகவே சாப்பிடுகிறான்.

எல்லாவற்றையும் தின்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஐஸ்லாந்தின் ஹாகார்ல், கிரீன்லாந்துச் சுறாவை வாரக்கணக்கில் புளிக்கவைத்து மாதக்கணக்கில் காற்றில் உலர்த்துவது. பச்சையாகத் தின்றால் நஞ்சாகும் மீனை உணவாக்கிய அந்த மக்களின் சாமர்த்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. மதுவோடும் மது இல்லாமலும், முறைப்படி சின்னத் துண்டாகவும் சாப்பிட்டுப் பார்த்தேன், பிடிக்கவில்லை. கொரியாவில் வெட்டிய பிறகும் தட்டில் நெளியும் ஆக்டோபஸைச் சாப்பிட எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆக்டோபஸுக்கு வலி தெரியும் என்று ஏற்று, பிரிட்டன் 2022இல் விலங்கு நலச் சட்டத்திலேயே அதைச் சேர்த்துவிட்டது. சாப்பிடுகிறவர்கள் நல்லெண்ணெயில் நன்றாகப் புரட்டி, நெளிவு நிற்கும்வரை மென்றுதான் விழுங்க வேண்டும். உறிஞ்சிகள் தொண்டையில் ஒட்டி மூச்சடைத்து இறந்தவர்கள் உண்டு. வேண்டாம் என்று சொல்லும்போது மூக்கைப் பொத்துவதும் முகத்தைச் சுளிப்பதும் கூடாது. நெஞ்சில் கை வைத்து, சிரித்து, பக்கத்துத் தட்டைக் காட்டி அதைக் கேட்டால் யார் மனமும் நோகாது.

முதன்முதலில் போகிறவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், லிஸ்பனில் ஜூன் மாதம் என்பேன். புனித அந்தோணியார் திருநாளையொட்டி, 12ஆம் தேதி ராத்திரி அல்ஃபாமாவின் சந்துகள் முழுக்க மத்தி மீன் கரியில் வேகும். குடலோடு, செதிலோடு, கல்லுப்பு மட்டும் போட்டு முழுசாகச் சுட்டு, ஒரு தடித்த ரொட்டித் துண்டின் மேல் வைத்துத் தருவார்கள். கையாலேயே தோலை உரித்து ஒரு பக்கச் சதையை எடுத்துத் தின்று, முள்ளைத் தலையோடு தூக்கி வைத்துவிட்டு மறுபக்கத்தைத் தின்ன வேண்டும். ரொட்டியை முதலிலேயே கடித்துவிடாதீர்கள். அடுத்தடுத்த மீன்களுக்கும் அதே ரொட்டிதான் தட்டு, எல்லாவற்றின் எண்ணெயும் அதில் இறங்கட்டும், அதைக் கடைசியில் சாப்பிடுங்கள்.